வாதி பேரைச் சொல்லணும்

தாயி, அந்த ஓரத்துல உக்காராத. பெஞ்சுக்கு அந்தக் காலு ஆட்டம். இப்படித் தள்ளி வா. ஒம்பது மாசமா உக்காந்திருக்கேன் இதுல, எந்த எடத்துல ஆணி துருத்திக்கிட்டு இருக்குன்னு கூடச் சொல்லுவேன். நகல் வாங்கத்தான வந்த? ஃபைலு பிடிச்சிருக்குற தினுசுலயே தெரியுது. என்ன கேசுன்னு நான் கேக்க மாட்டேன். சொல்லணும்னு தோணுனாச் சொல்லு.

எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். பயந்துக்காத, பெருசா ஒண்ணுமில்ல. ஒரே ஒரு பேரைச் சொல்லணும். மூணு மணிக்கு இந்த ஜன்னலு தொறக்கும். உள்ள சுகுமாரன் சாருன்னு ஒருத்தரு இருக்காரு. கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டு, "வாதி பேரைச் சொல்லுங்க"ம்பாரு. அப்ப நீ எனக்கு ஒட்டுனாப்புல நின்னு, இந்தா, இந்தச் சீட்டுல எழுதிருக்குற பேரைச் சொல்லணும். ஜன்னலு சின்னது. யாரு வாயி அசையுதுன்னு அவருக்குத் தெரியாது. அய்ய, சத்தமாப் படிச்சிறாத. மனசுக்குள்ளயே படி.

நீயே சொல்ல வேண்டியதுதானன்னு பாக்குற. அது என் மாமனாரு பேரு தாயி.

சிரிக்கிறயா? சிரிச்சுக்க. வயசுல சின்னவ, நீன்னுதான் பேசுவேன், கோச்சுக்காத. எங்க சிறுகம்பட்டியில புருஷன் பேரையும் சொல்ல மாட்டோம், மாமனாரு பேரையும் சொல்ல மாட்டோம். சொன்னா அவங்க ஆயுசு குறையும்பாங்க. அவரு செத்து இருவத்திரெண்டு வருஷம் ஆச்சே, இனிமே குறைய என்ன இருக்குன்னு சுகுமாரன் சாரு கேட்டாரு. அவருக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்றேன். நாப்பது வருஷமாச் சொல்லாம இருந்தாச்சு. எவரோ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு சொல்லுன்னா, உடனே சொல்லிறணுமா? நான் என்ன அவரு வீட்டுக் கிளியா?

ஒரே ஒரு தடவை சொல்லிருக்கேன். கல்யாணமாகி வந்த புதுசு. தபால்காரரு வாசல்ல நின்னு, "யாரு வீடும்மா இது?"ன்னாரு. வெவரங்கெட்டவ, பட்டுன்னு மாமனாரு பேரைச் சொல்லிட்டேன். அடுப்படியில இருந்து வந்தா பாரு என் மாமியா, கரண்டிக் காம்பால முழங்கையில ஒரே போடு. இந்தா பாரு, தழும்பு. மாமியா பேரு அங்கம்மா. ஊருல ஊமைச்சின்னுதான் சொல்லுவாங்க. அம்புட்டுக்கு வாயத் தொறக்க மாட்டா. சாகுற வரைக்கும் நாலு பேரு முன்னாடி அவ பேசி நான் பாத்ததே இல்ல. அவகிட்ட அன்னைக்கு வாங்குனதோட சரி, அந்தப் பேரு என் வாயில வரல.

சரி, கதையைச் சொல்றேன். மூணு மணிக்கு இன்னும் நேரம் கெடக்கு.

எங்களுக்கு ஒரு ஏக்கரா நாப்பது சென்ட்டு நஞ்சை. அதுக்குள்ளயே ஒரு கெணறு, வத்தாத கெணறு. ரோட்டுல இருந்து அந்த வயலுக்குப் போகணும்னா வீரபத்திரன் வயலு ஓரமாத்தான் போகணும். வீரபத்திரன் பங்காளி. என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. நான் வாக்கப்பட்டு வந்த நாளுல இருந்து அதுலதான் வண்டி போச்சு. வண்டி போயி டிராக்டர் வந்துச்சு, அதுலதான் போச்சு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஐப்பசி மாசம். விடிஞ்சு போயிப் பாத்தா, கல்லுக்காலு நட்டு முள்ளுக்கம்பி இழுத்திருக்கான். ஒரு ஆளு ஒருக்களிச்சுப் போற மாதிரி ஒரு சந்து. அதுவும் எதுக்குன்னா, அவனுக்கே தோணிருக்கு, முழுசா அடைச்சா போலீசுக்குப் போவான்னு.

"ஏண்டா, இது என்னடா அநியாயம்?"னு கேட்டேன். "உங்க மாமனாரு அந்தக் காலத்துல எங்கப்பா மேல கேசு போட்டுத் தோத்தவரு மதினி. பாதை கெடையாதுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. இம்புட்டு நாளு விட்டதே பெருசு"ங்குறான். வாயில வெத்தலையைக் குதப்பிக்கிட்டே சொல்றான் தாயி. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்!

என் மாமனாரு சாகுற வரைக்கும் என்ன சொன்னாரு தெரியுமா? "கோர்ட்டு நமக்குப் பாதை குடுத்துருச்சு, எட்டடி"ன்னுதான் சொன்னாரு. காகிதத்தைக் கேட்டா, தகரப் பெட்டியில இருந்துச்சும்பாரு. பெட்டியைத் தொறந்தா கரையான் மண்ணுதான் இருக்கு. ஊருல அவங்க சொல்லு ஏறிப்போச்சு. எங்களுக்கு 'தோத்த வீடு'ன்னே பேரு வச்சுட்டாங்க. அந்த வருஷம் ஆவணியில ஒரு சடங்கு வீடு. பந்தியில முதல் வரிசையில உக்காந்துட்டேன். வீரபத்திரன் பொண்டாட்டி மயிலு எல்லாரு காதுலயும் விழுற மாதிரி, "தோத்த வீட்டுக்காரிக்கு முதல் எலையாக்கும்?"னா. நான் எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கு அவளுக்கு என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுனேன். அது வேற விஷயம், அதை விடு.

கம்பி போட்டதுல இருந்து எங்க பாடு நாய் படாத பாடு. அறுப்பு மிஷினு உள்ள வராது. கையால அறுக்க ஆளு கெடையாது. கெடைச்ச நாலு பொம்பளைகள வச்சு அறுத்து, தலைச்சுமையா அந்தச் சந்து வழியா ரோட்டுக்குக் கொண்டாரணும். போன புரட்டாசியில அறுத்துப் போட்டதைத் தூக்கி முடிக்கிறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிருச்சு. நாலு நாளு. கதிரு அப்படியே கட்டுலயே பச்சை பச்சையா மொளைச்சு நின்னுச்சு தாயி. நான் வரப்புல உக்காந்து அழுதேன். எதுக்கும் அழாதவ நான்.

எங்க வீட்டுக்காரரு ஒரு வாயில்லாப் பூச்சி. "விடு, அவனுக்கே குடுத்துட்டுப் போவோம், நமக்கு எதுக்கு வம்பு"ன்னுட்டாரு. அன்னைக்கு நான் ஆடுன ஆட்டத்துல தெருவே கூடிருச்சு. கடைசியில ஒரு கெடு வச்சாரு. அடுத்த ஆவணி பொறக்குறதுக்குள்ள பாதை வந்தா வயலு நமக்கு. இல்லன்னா வீரபத்திரனுக்கு எழுதிக் குடுத்துறணும். இன்னைக்கு ஆடி இருவது. கணக்குப் பாத்துக்க.

அதான் போன ஐப்பசியில பஸ் ஏறுனேன். கோர்ட்டு குடுத்ததுன்னா கோர்ட்டுல இருக்கும்ல, எங்க போகும்? அந்த வேப்பமரம் தெரியுதா? அதுக்குக் கீழ ராயப்பன்னு ஒரு வக்கீல் குமாஸ்தா, டைப்பு மிஷினோட உக்காந்திருப்பாரு. இன்னைக்கு இல்ல. மாதா கோயில் சப்பரத்துக்கு ஊருக்குப் போயிட்டாரு. இருந்தாலும் ஆம்பளைக் குரலு இதுக்கு ஆகாது.

அவருகிட்டப் போயி, "டிகிரி நகலு வேணும், அந்தப் பழைய தீர்ப்பு"ன்னேன். "கேஸு நம்பர் சொல்லுங்கம்மா"ன்னாரு. "நம்பர் தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வர்றேன்?" "சரி, எந்த வருஷம்?" "கம்மாக் கரை ஒடைஞ்ச வருஷம்." மனுஷன் மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு, "கோர்ட்டு ரிஜிஸ்டர்ல அப்படி ஒரு வருஷம் கெடையாதும்மா"ங்குறாரு. எங்க ஊருல யாரைக் கேட்டாலும் அந்த வருஷத்துக்கு அதுதான் பேரு. அப்புறம் யோசிச்சேன். கேசு நடந்தப்ப என் நாத்தனா வயித்துல இருந்தான்னு மாமியா ஒரு தடவை சொல்லிருக்கா. நாத்தனா பள்ளிக்கூடத்து டி.சி.யில பொறந்த வருஷம் எழுபத்திரெண்டு. அப்ப எழுபத்தொண்ணு, எழுபத்திரெண்டு, இந்த ரெண்டுல ஒண்ணு. எப்படி? ராயப்பனே, "நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்"னாரு.

"வாதி பேரு?"ன்னாரு அடுத்து. இங்கதான் சனியன் பிடிச்சுச்சு. "பழனி மலையில மொட்டையா, கோவணத்தோட, கையில தடி பிடிச்சு நிக்கிறாரே, அவரு பேரு"ன்னேன். "புரிஞ்சுது, புரிஞ்சுது"ன்னு கடகடன்னு எழுதிட்டாரு. எழுதிக் காட்டுறதுக்கு என்னன்னு கேப்ப. எழுதுனா மட்டும் பேரு இல்லயா? அவரு எழுதுனதைப் படிச்சுப் பாத்திருக்கலாம்தான். அது கோழி கிளறுன எழுத்து, நம்ம கண்ணுக்கு ஆகாது. ஊருல யாரு கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்லுவேன், எல்லாருக்கும் புரியும். அவங்களுக்கெல்லாம் பேரு முன்னாடியே தெரியும்ங்குறது எனக்கு அப்ப உறைக்கல.

தேடச் சொல்லி மனு போட்டோம். பழைய ரிஜிஸ்டரு தூசிக்குள்ள கெடக்காம். ஒரு மாசம் ஆச்சு. எழுபத்திரெண்டுல ஒரு ஆளு ஆம்பிட்டான். எங்க தாலுக்காதான். நம்பரும் வந்துருச்சு. எனக்கு அன்னைக்கு இருந்த சந்தோசம் இருக்கே! அப்புறம் நகல் மனு. நாம கேசுல இல்லாத ஆளாம், அதனால எதுக்கு வேணும்னு காரணம் சொல்லி ஒரு அபிடவிட்டு வேணுமாம். "எங்க பாதை எங்களுக்கு வேணும், அதுக்கு"ன்னு எழுதச் சொன்னேன். ராயப்பன் அதையே ஒரு பக்கத்துக்கு எழுதுனாரு.

இதை நீ நல்லாக் கேட்டுக்க, உனக்கும் ஆகும். மனுப் போட்டா அதோட முடிஞ்சு போச்சுன்னு வீட்டுக்குப் போயிறாத. அந்தா, பச்சை போர்டு இருக்குல்ல, அதுல ஒரு லிஸ்ட்டு தொங்கும். எந்த மனுவுக்கு எத்தனை ஸ்டாம்பு பேப்பர் வேணும்னு போட்டிருப்பாங்க. மூணு நாளுதான் தொங்கும். அதுக்குள்ள பேப்பரைக் குடுக்கலன்னா மனுவைத் தள்ளிருவாங்க. நமக்கு லெட்டரும் வராது, போனும் வராது. நான் முதல் தடவை பொங்கலு முடிஞ்சு ஒரு நாளு பிந்தி வந்தேன். நாலாம் நாளு. தள்ளிட்டாங்க. மறுபடி முதல்ல இருந்து. அதுல இருந்துதான் இந்தப் பெஞ்சைப் பிடிச்சது. வேலை இருக்கோ இல்லையோ, மூணு மணிக்கு வந்து போர்டைப் பாத்துருவேன்.

மாசியில நகலு கைக்கு வந்துச்சு. சீலு, கையெழுத்து, எல்லாம் மொறையா. நான் சும்மா இருப்பனா? பிரிச்சுக்கூடப் பாக்காம நேரா ஊருக்குப் போயி, வீரபத்திரன் வீட்டு வாசல்ல நின்னுட்டேன். ரேஷன் கடையில பில்லுப் போடுற பிள்ளையைக் கையோட கூட்டிக்கிட்டுப் போனேன். தெருவு கூடிருச்சு. "படி தாயி, சத்தமாப் படி"ன்னேன்.

அது படிக்குது. வாதி பழனிச்சாமி. பிரதிவாதி அவனோட மாமியாக்காரி. அவ வீட்டுக் கொல்லையில நிக்கிற புளியமரத்துல பாதி எனக்குன்னு கேசு போட்டிருக்கான்! எந்த ஊரு பழனிச்சாமியோ, பாவி. அந்தப் பிள்ளை நிறுத்தாமப் படிக்குது.  மயிலு வாசப்படியில நின்னுக்கிட்டு, "அக்கா, புளியை எப்ப உலுப்புறீங்க? எங்களுக்கும் ரெண்டு படி குடுங்க"ன்னா. தெருவே சிரிச்சுச்சு. எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளு வெளிய தலை காட்டல.

மறுநாளு இந்த ஜன்னலுக்கு வந்து நான் போட்ட சத்தம் உள்ள ஜட்ஜு வரைக்கும் கேட்டுருச்சாம். "என் மாமனாரு கேசைக் கேட்டா எவனோ புளியமரத்துக்காரன் கேசைக் குடுக்குறீங்களே, இதுக்குத்தான் சம்பளமா?"ன்னுட்டேன். சுகுமாரன் சாரு எந்திரிச்சு வந்தாரு. மனுவை எடுத்து எனக்கு முன்னாடி விரிச்சாரு. "பழனிச்சாமின்னு எழுதிக் குடுத்தது யாரும்மா? நாங்களா?" அப்புறம்தான் வெவரம் தெரிஞ்சுச்சு. ராயப்பன் தலையில அடிச்சுக்கிட்டாரு. "நீங்க பழனின்னு சொன்னீங்க, நான் வேற என்னத்தை எழுதுறது?"ங்குறாரு. சாமி ஒண்ணுதான், பேரு எத்தனை இருக்குன்னு அந்த மனுஷனுக்குத் தெரியல, அவரு மாதா கோயிலுக்குப் போறவரு. நான் அவரு மேல பழி சொல்ல மாட்டேன். என் மேலயும் தப்பு இல்ல.

அன்னைக்குத்தான் சுகுமாரன் சாரு சொன்னாரு: "இனிமே உங்க நகலை நீங்க உங்க வாயால வாதி பேரைச் சொன்னாத்தான் குடுப்பேன். ராயப்பன் சொன்னாலும் ஆகாது, எழுதிக் காட்டுனாலும் ஆகாது. நாளைக்கு மறுபடி வந்து எங்களைத் திட்டுறதுக்கு நான் ஆளு இல்ல." நானும் சொன்னேன், "நான் சொல்ல மாட்டேன், நீங்களும் குடுத்துத்தான் ஆகணும். பாப்போம்"னு.

பேரு எப்படிக் கெடைச்சுச்சுன்னா, எங்க வீட்டுக்காரரு ஓட்டுக் கார்டை, அவருக்குத் தெரியாம மடியில முடிஞ்சு கொண்டாந்தேன். அதுல தகப்பனாரு பேரு இருக்கும்ல. வெரலை வச்சுக் காட்டுனேன். "அட, இந்தப் பேரா!"ன்னாரு ராயப்பன். ஒரு சீட்டுலயும் டைப்பு அடிச்சுக் குடுத்தாரு, உங்கிட்டக் குடுத்தது அதுதான். மறுபடி தேடுனது எழுபத்தொண்ணு. ரெண்டே வாரத்துல நம்பர் வந்துருச்சு. பிரதிவாதி வீரபத்திரனோட அப்பன் குருந்தப்பன். சந்தேகமே இல்ல. மனுவைப் போட்டு, போர்டுக்குக் கீழயே காவல் கெடந்து, லிஸ்ட்டு தொங்குன அன்னைக்கே ஸ்டாம்பு பேப்பரைக் குடுத்துட்டேன்.

போன வியாழக்கெழமை ராயப்பன் உள்ள அனுமதி வாங்கிப் போயி, அந்தப் பழைய கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு வந்தாரு. வெளிய வந்து கண்ணாடியைத் தொடைக்கிறாரு, தொடைக்கிறாரு, தொடைச்சுக்கிட்டே இருக்காரு. "ஜெயிச்சமா தோத்தமா, அதைச் சொல்லுங்க முதல்ல"ன்னேன். "ரெண்டும் இல்லம்மா. ராஜி"ன்னாரு. ரெண்டு பேரும் கோர்ட்டுல ஒத்துப்போயி கையெழுத்துப் போட்டுருக்காங்களாம். எட்டடி வண்டிப்பாதை எங்களுக்கு, என்னைக்கும். நான் துள்ளிட்டேன். "என் மாமனாரு பொய் சொல்லலை பாத்தீங்களா!"ன்னேன். "இருங்கம்மா, இன்னும் இருக்கு"ன்னாரு. எங்க கெணத்துல குருந்தப்பன் வீட்டாளுங்க குடிக்கத் தண்ணி எடுத்துக்கலாம், மாட்டுக்கும் எடுத்துக்கலாம், அதுவும் என்னைக்கும். பாதை வேணும்னா தண்ணி குடுக்கணும். தண்ணி வேணும்னா பாதை விடணும். ஒருத்தரு நிறுத்துனா மத்தவங்களும் நிறுத்திக்கலாம்.

அப்புறம் அவரு கேட்டாரு, "கெணறு தொறந்துதான இருக்கு?"

நான் டீ குடிக்கப் போயிட்டேன்.

நீயும் அப்படிப் பாக்காத. சரி, சொல்லிர்றேன். சடங்கு வீட்டுல அப்படிப் பேசுனால்ல மயிலு? மறுநாளே கொல்லனைக் கூப்பிட்டு, கெணத்துக்கு இரும்பு மூடி செஞ்சு பூட்டுப் போட்டுட்டேன். குடத்தைத் தூக்கிக்கிட்டு வந்தா. "தோத்த வீட்டுத் தண்ணி உனக்கு எதுக்குடி?"ன்னேன். முக்கா மைலு போயி தெருக்குழாயில நின்னாங்க, ஆறு வருஷமா நிக்கிறாங்க. மாட்டையெல்லாம் வித்துட்டாங்க. நிக்கட்டுமே! எங்க வயலு, எங்க கெணறு. இப்படி ஒரு காகிதம் இருக்குன்னு எனக்குத் தெரியுமா? கரையான் தின்னதுக்கு நானா பொறுப்பு? தெரிஞ்சிருந்தா...

தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன். உங்கிட்ட எதுக்குப் பொய்?

பூட்டு ஆவணியில, கம்பி ஐப்பசியில. ராயப்பன் வெரலை விட்டு எண்ணிக் காட்டுறாரு. எண்ணத் தெரியாதா எனக்கு? ரெண்டு மாசம் பொறுத்துத்தான் கம்பி போட்டிருக்கான். அவனுக்கும் அந்தக் காகிதத்துல என்ன இருக்குன்னு தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா பழி எல்லாம் என் தலையில விழுமாக்கும்? அவன் அப்பவே வாயத் தொறந்து, "மதினி, தண்ணி குடுங்க, இல்லன்னா பாதையை அடைப்பேன்"னு சொல்லிருக்கலாம்ல? கோர்ட்டுல தோத்தவங்கன்னு எதுக்குச் சொல்லணும்? அது பொய்தான? பொய் சொன்னவன் அவன்தான்.

இம்புட்டும் நான் தாங்கிக்கிருவேன் தாயி. ராயப்பன் கடைசியா ஒண்ணு சொன்னாரு, அதுதான் என்னால முழுங்க முடியல. சாட்சி சொன்ன தாளையெல்லாம் கொஞ்ச வருஷத்துல அழிச்சிருவாங்களாம். இந்தக் கட்டுல மட்டும் எப்படியோ ரெண்டு தாளு டிகிரியோட சேந்து தைபட்டுக் கெடந்திருக்கு. ரெண்டாம் சாட்சி யாரு தெரியுமா? என் மாமியா. ஊமைச்சி. வயித்துல பிள்ளையோட கூண்டுல ஏறி நின்னுருக்கா. ராயப்பன் ஒரு சீட்டுல பாத்து எழுதிக்கிட்டு வந்து படிச்சாரு. எனக்கு மனப்பாடமே ஆகிப்போச்சு. 'என் பெயர் அங்கம்மாள். என் கணவர் பெயர்' — அதுக்கப்புறம் பேரு போட்டிருக்கு. 'எனக்குப் படிப்பு இல்லை. அந்தப் பாதையில் நான்தான் தினமும் கஞ்சி கொண்டு போகிறேன். பிரதிவாதி வீட்டார் எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்களுக்குப் பாதை வேண்டும்.' அடுத்த வாய்தாவுலயே ரெண்டு ஆம்பளைகளும் ராஜிக்கு வந்துட்டாங்களாம்.

பேரைச் சொல்லிருக்கா தாயி! புருஷன் பேரை! அத்தனை ஆம்பளைங்க முன்னாடி, ஜட்ஜு முன்னாடி, கூண்டுல நின்னு சொல்லிருக்கா. எங்கிட்ட ஒரு நாளு ஒரு பொழுது இதைச் சொன்னது இல்ல. தபால்காரருகிட்டச் சொன்னதுக்கு என் கையை உடைக்கப் பாத்தவ! எனக்கு அவ மேல அப்படி ஒரு கோவம் வந்துச்சு. பஸ்ஸுல போறப்ப, "ஏண்டி கெழவி, உனக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?"ன்னு வாய்விட்டே கேட்டுட்டேன். பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டான்.

வீட்டுக்குப் போயிப் படுத்தா, இன்னொண்ணு தோணுது. அவ சும்மா சொல்லல. வேணும்னா மட்டும் சொல்லணும்னு வச்சிருந்திருக்கா. வயலுக்காகச் சொல்லிருக்கா. சும்மா வாசல்ல நிக்கிற தபால்காரருக்குச் சொல்லக்கூடாதுன்னு எனக்குப் போட்டிருக்கா. அதைச் சொல்லிட்டு அடிச்சிருக்கலாம்ல? வாய்தான் கெடையாதே அவளுக்கு.

எங்க வீட்டுக்காரருகிட்ட வெவரத்தைச் சொன்னேன். "அப்ப அவங்ககிட்டப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு கெணத்தைத் தொறந்து விடு"ன்னாரு. மன்னிப்பா? நானா? தலைகீழா நின்னாலும் கேக்க மாட்டேன். மயிலு பேசுனது பேசுனதுதான். ஆனா அந்தக் கெழவி அந்த எட்டடிக்காகத் தண்ணியைக் குடுத்திருக்கா, அவ குடுத்ததை மூட நான் யாரு? அதுக்காகத் தொறப்பேன். மயிலுக்காக இல்ல. இந்தா, சாவி. இடுப்புலதான் கெடக்கு ஒரு வாரமா. நகலு கையில வரட்டும்னு வச்சிருக்கேன். காகிதத்தை ஒரு கையில, சாவியை ஒரு கையில வச்சுக்கிட்டுப் போயி நிப்பேன். இந்தத் தடவை ஒரு வரி விடாம படிக்கச் சொல்லுவேன், தண்ணி எங்க வருதோ அதையும் சேத்து. புளியமரம் கேட்டுச் சிரிச்ச தெருவு இதையும் கேக்கட்டும்.

அந்தா, ஜன்னலு தொறந்துட்டாங்க. வா, எந்திரி. ஒட்டி நில்லு. சீட்டு வச்சிருக்கயா? சார் பாக்குறாரு, கீழ மறைச்சுக்க.

வந்துட்டேன் சார். நானேதான். ஆமா, அசல் வழக்கு நூத்தி நாப்பத்தேழு, எழுபத்தொண்ணு. பிரதிவாதி குருந்தப்பன். வாதி பேரா? சொல்லத்தான போறேன். இருங்க, என்ன அவசரம்?

தாயி... வேணாம். நீ சொல்லாத. அந்தச் சீட்டை இங்க குடு. தள்ளிக்க.

சார், தண்டபாணி. வாதி பேரு தண்டபாணி! என் மாமனாரு. நான் அவரு மருமக. போதுமா, இன்னொரு தடவை சொல்லணுமா? தண்டபாணி!

என்ன சார், பேனாவைக் கீழ போட்டுட்டீங்க? உள்ள கேட்டுருச்சா? கேக்கட்டும். எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க.

பாத்தயா தாயி, அஞ்சு தாளு. இதுக்குத்தான் ஒம்பது மாசம். இந்தா, இந்த வரிதான், 'என் பெயர் அங்கம்மாள்'.   நீ கவலைப்படாம உக்காரு, உன் லிஸ்ட்டை இப்ப ஒட்டுவாங்க. மூணு நாளுங்குறதை மறந்துறாத.

எனக்கு மூணே முக்கா பஸ்ஸு. வெளிச்சம் இருக்கும்போதே போயிப் பூட்டைத் தொறக்கணும், துரு ஏறிக் கெடக்கும். தொறந்து விட்டும் அவன் கம்பியை அறுக்கலன்னாவா? நல்லாக் கேட்ட. மறுபடி இங்கதான் வருவேன். இப்பத்தான் பேரு சொல்ல வந்துருச்சே.